தாமிரப் பட்டை வளைவதை நுண்ணோக்கியில் காட்டுதல்: ஒரு பயிற்சிக்கூட அனுபவம்

உலோகம் வளையும்போது அதன் உள்ளே என்ன நிகழ்கிறது என்பதைக் கரும்பலகையில் வரைந்து புரியவைப்பது எளிதன்று. இழுவிசைச் சோதனையின் வரைபடம் எவ்வளவு விசைக்கு எவ்வளவு நீட்சி என்பதைச் சொல்லும்; தாமிரக் கம்பி ஏன் முறியாமல் வளைகிறது, வெண்கல மணி ஏன் வளையாமல் உடைகிறது என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் தமிழ் மாணவர்களுக்கு ஃபிட்டர், டர்னர் பாடங்கள் நடத்துகிறேன். அரத்தையும் சுத்தியலையும் நன்கு பிடிக்கத் தெரிந்த அந்தக் கைகளுக்கு, தாங்கள் அடிக்கும் பொருளின் உள்ளமைப்பும் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒரு சாதாரண மாணவர் நுண்ணோக்கியை உலோகம் பார்ப்பதற்கு ஏற்றவாறு மாற்றி, அதன் மேடையிலேயே ஒரு சிறிய வளைப்பான் அமைத்தோம். அதைச் செய்த விதத்தையும் அதில் கண்டவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர்; அங்குள்ள வார்ப்பட ஆலைகளின் சோதனைக்கூடங்களில் உலோகவியல் நுண்ணோக்கிகள் இருக்கின்றன. அவற்றில் ஆயத்தமாக மெருகேற்றி, அமிலத்தில் அரித்து வைத்த மாதிரிகளைக் காட்டலாம். ஆனால் அப்படிக் காட்டுவது முடிந்துபோன ஒரு நிகழ்வின் படத்தைத்தான் காட்டுகிறது. உருமாற்றம் என்ற பாடத்துக்கு அது போதாது என்பது என் உறுதியான கருத்து. மாணவர் தம் கையால் திருகைத் திருப்ப, அவர் கண்முன்பே உலோகத்தின் பரப்பு மாற வேண்டும். அதற்கு 1000 மடங்கு உருப்பெருக்கம் தேவையில்லை. 10 மடங்கு கண்வில்லையுடன் 4 மடங்கு, 10 மடங்கு பொருளருகு வில்லைகள் தரும் 40 மடங்கும் 100 மடங்கும் போதும்.

வழக்கமான மாணவர் நுண்ணோக்கியில் ஒளி கீழிருந்து மேலே வருகிறது. இலையின் மெல்லிய சீவலுக்கு அது பொருந்தும். உலோகத்தின் ஊடே ஒளி செல்லாது. 1860களில் ஷெஃபீல்டு நகரில் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி எஃகை மெருகேற்றி, அரித்து, மேலிருந்து ஒளி பாய்ச்சிப் பார்த்ததிலிருந்தே உலோகங்களை இவ்வாறு பார்க்கும் வழி தொடங்குகிறது. நாங்களும் அதே கொள்கையைத்தான் பின்பற்றினோம். நான்கு மடங்கு பொருளருகு வில்லைக்கும் மாதிரிக்கும் இடையே தாராளமான இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில், கண்ணாடி வெட்டும் பேனாவால் சிறிதாக வெட்டிய ஒரு கவர் ஸ்லிப்பை (மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டு) 45 பாகைச் சாய்வில் நிறுத்தினோம். அதைத் தாங்குவதற்கு, வில்லையின் உருளை மீது இறுக்கமாகப் பொருந்தும் அட்டைக் குழாய் ஒன்றைச் செய்து, அதன் பக்கவாட்டில் ஒரு துளை இட்டோம். அத்துளைக்கு நேரே எல்.இ.டி. டார்ச் ஒன்றை வைத்தால், ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கண்ணாடியில் பட்டுக் கீழே திரும்பி, உலோகத்தில் பிரதிபலித்து, கண்ணாடியின் ஊடே மேலேறி வருகிறது. மீதி ஒளி நேராகச் சென்று எதிர்ச்சுவரில் பட்டுச் சிதறினால் பிம்பம் வெளுத்துவிடும் என்பதால், அந்த இடத்தில் கறுப்புத் தாள் ஒட்ட வேண்டும். 10 மடங்கு வில்லைக்கு இடைவெளி சில மில்லிமீட்டரே. அதற்குக் கண்ணாடித் துண்டை இன்னும் குறுக வெட்டிப் பொருத்தலாம், அல்லது கண்ணாடியை நீக்கிவிட்டு டார்ச்சைச் சாய்வாகப் பக்கத்தில் பிடிக்கலாம். 40 மடங்கு வில்லை மாதிரியை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதை இந்த வேலைக்குப் பயன்படுத்த இயலாது.

வளைப்பானின் அமைப்பில்தான் மாணவர்களின் பட்டறைத் திறன் முழுமையாகப் பயன்பட்டது. நுண்ணோக்கி மேடைக்கும் வில்லைக்கும் இடையே உயரம் குறைவாக இருப்பதால், திருகை மேலே வைக்க வழியில்லை. ஒளி வருவதற்காக மேடையின் நடுவே இருக்கும் துளையையே நாங்கள் பயன்படுத்திக்கொண்டோம். அடியிலிருந்த ஒளிகுவிப்பியைக் கழற்றிவிட்டு, 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகட்டை மேடைமீது வைத்து, அதன் நடுவில் 6 மில்லிமீட்டர் டேப் ஓட்டிப் புரி வெட்டி, போல்ட்டைக் கீழிருந்து மேலாக ஏற்றினோம். போல்ட்டின் தலை மேடைக்கு அடியில் தொங்கும், விரலால் திருப்பலாம். அதன் நுனியை அரத்தால் உருட்டி, சிறிது கிரீஸ் தடவினோம். நடுவிலிருந்து இருபுறமும் 20 மில்லிமீட்டர் தள்ளி இரண்டு தாழ்வான கொக்கிகள் பட்டையின் முனைகளை மேலெழாமல் பிடித்துக்கொள்ளும். போல்ட் ஏறும்போது பட்டையின் நடு மேல்நோக்கி வளையும். மெருகேற்றிய மேற்பரப்பு இழுவிசைக்கு உள்ளாகும்.

இந்த அளவுகளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 6 மில்லிமீட்டர் போல்ட்டின் வழக்கமான புரிப்பிடைத் தூரம் 1 மில்லிமீட்டர். ஒரு முழுச் சுற்றுக்கு நடு 1 மில்லிமீட்டர் உயரும். பட்டையின் தடிமனை நடு உயர்வால் பெருக்கி, ஆறால் பெருக்கி, தாங்குதூரத்தின் (இரு கொக்கிகளுக்கும் இடைப்பட்ட தூரம்) வர்க்கத்தால் வகுத்தால் மேற்பரப்பின் நீட்சி வீதம் கிடைக்கும். 1.5 மில்லிமீட்டர் பட்டைக்கும் 40 மில்லிமீட்டர் தாங்குதூரத்துக்கும் அது ஒரு சுற்றுக்கு அரை சதவீதத்தைச் சற்றே தாண்டும். மீள்தன்மை எல்லைக்குள், அதாவது விசையை நீக்கினால் பட்டை பழைய வடிவுக்குத் திரும்பும் அளவுக்குள் மட்டுமே இக்கணக்கு துல்லியமானது. அதற்கு அப்பால் வளைவு நடுவில் குவிவதால் உண்மையான நீட்சி இதைவிட அதிகமாகவே இருக்கும். இருப்பினும், தாம் எந்த அளவில் வேலை செய்கிறோம் என்பதை மாணவர் அறிந்துகொள்ள இது போதும்.

தாமிரத்துக்கு மின்பலகை செய்பவர்களிடம் கிடைக்கும் பஸ்பார் (மின்சாரம் கடத்தும் தாமிரப் பட்டை) துண்டுகளே சிறந்தவை, தூய்மையும் 99.9 சதவீத அளவில் இருக்கும். கடையிலிருந்து வரும் பட்டை உருட்டி இறுகியது. அதை அப்படியே வளைத்தால் தெளிவாக எதுவும் தெரியாது; உலோகம் எவற்றின் தொகுப்போ அந்தச் சிறு படிகங்கள், அதாவது படிகமணிகள், சிறியவை, நசுங்கியவை. ஆகவே மஃபிள் உலையில் (சுடர் படாமல் சூடேற்றும் மூடிய உலை) 700 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து ஆற்றினோம். வாயுச் சுடரில் காய்ச்சுவதை நான் தவிர்த்தேன். சாதாரண மின்தாமிரத்தில் சிறிதளவு ஆக்சிஜன் இருக்கிறது. சுடரில் ஹைட்ரஜன் மிகுந்தால் அது உலோகத்துக்குள் ஊடுருவி, உள்ளிருக்கும் ஆக்சைடுடன் சேர்ந்து நீராவியாகி, மணி எல்லைகளைப் பிளந்துவிடும். உலையிலிருந்து எடுத்த பட்டையை நீரில் தோய்த்தால் கறுப்புச் செதில் உதிர்ந்துவிடும். ஒட்டியிருக்கும் சிவப்புக் கறையைப் புளியும் உப்பும் நீக்கிவிடுகின்றன. தாமிரம் நீரில் தோய்த்தாலும் இறுகாது என்பது எஃகைப் பற்றி மட்டுமே படித்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு தனிப் பாடம்.

மெருகேற்றுவதில் பொறுமை ஒன்றே கருவி. 220 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி 400, 600, 1000, 2000 என்று ஏறுவரிசையில், ஒவ்வொரு படியிலும் பட்டையை 90 பாகை திருப்பி, முந்தைய தாளின் கீறல்கள் முற்றிலும் மறையும் வரை நீர் விட்டுத் தேய்க்க வேண்டும். தட்டையான கண்ணாடிமீது தாளை விரித்துத் தேய்த்தால்தான் விளிம்புகள் உருண்டுபோகாது. இறுதியில் வெல்வெட் துணியில் பிராசோ என்ற உலோக மெருகுக் குழம்பு. இவ்வளவு செய்தும் பரப்பின்மேல் தேய்ப்பினால் சிதைந்த ஒரு மெல்லிய அடுக்கு எஞ்சி நிற்கும். தாமிரம் மென்மையானது என்பதால் தேய்ப்பதே அதற்கு ஓர் உருமாற்றம். மின்சுற்றுப் பலகை அரிப்பதற்குப் பயன்படும் பெர்ரிக் குளோரைடை நன்கு நீர்த்துப் பஞ்சால் சில வினாடிகள் தடவி, கழுவி, மறுபடி துணியில் மெருகேற்றி, இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் அந்த அடுக்கு கரைந்துபோகும். கையுறையும் கண்ணாடியும் அணிந்தே இதைச் செய்ய வேண்டும். பயன்படுத்திய கரைசலில் தாமிரம் கரைந்திருப்பதால் அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. சலவைச் சோடாவால் நடுநிலையாக்கி, படியும் வண்டலைத் தனியே சேர்த்து வைக்கிறோம்.

இனிச் சொல்லப்போகும் வரிசைமுறைதான் இந்தச் செய்முறையின் உயிர்நாடி: முதலில் மெருகு, பிறகு வளைப்பு, உடனே பார்வை. வளைத்த பிறகு பரப்பைத் தொடவே கூடாது. வழக்கமான உலோகவியல் வகுப்பில் உருமாறிய துண்டை வெட்டி, மெருகேற்றி, அரித்துப் பார்க்கக் கற்பிக்கிறார்கள். அப்படிச் செய்தால் நாம் தேடுவது மெருகேற்றும்போதே அழிந்துவிடும்.

இறுதி மெருகுக்குப் பின் பட்டையை அரிக்காமல் மேடையில் வைத்தால், பார்வைப் புலம் வெறுமையாக, ஒரே சீரான ஒளியாகத் தெரியும். அங்கே படிகமணிகள் இருக்கின்றன என்பதற்கு எந்த அடையாளமும் இருக்காது. மாணவர் ஒருவர் போல்ட்டைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்ப, மற்றொருவர் குவியத்தைச் சரிசெய்துகொண்டே இருப்பார்; பட்டை உயர்வதால் இதற்கு இருவர் தேவை. கண்வில்லையில் பொருத்திய கைபேசியின் திரையை மற்றவர்கள் பார்ப்பார்கள். முதற்சுற்று முடியும் தறுவாயில் சில இடங்களில் மெல்லிய இணைகோடுகள் எழுகின்றன. இரண்டாம் சுற்றில் அவை புலமெங்கும் பரவுகின்றன. ஒரு பகுதியில் எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் ஓடுகின்றன. அதற்கு அடுத்த பகுதியில் சட்டென்று வேறு திசை. சில பகுதிகளில் இரண்டு தொகுதிக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அரிப்புக்கரைசல் எதுவும் இல்லாமலேயே, கோடுகள் திசைமாறும் இடங்களை வைத்து மணிகளின் எல்லைகளை மாணவர்கள் தாளில் வரைந்துவிடுகிறார்கள்.

“இது வாட்டர் பேப்பர் போட்ட கோடுதானே சார்?” என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி அது. வகுப்பில் அதற்கு நான் நேரடியாக விடை சொல்வதில்லை. ஒரு கீறலையும் ஒரு கோட்டையும் முனைவரை பின்தொடரச் சொல்கிறேன். கீறலுக்கு மணி எது என்று தெரியாது. அது எல்லைகளைப் பொருட்படுத்தாமல் நேரே செல்லும். வளைப்பினால் எழுந்த கோடு தன் மணியின் எல்லையில் நின்றுவிடும். அடுத்த மணியில் தொடர்ந்தாலும் அந்த மணிக்குரிய திசையில்தான் தொடரும். இந்த ஒரு சோதனையைத் தாமே செய்தவர்கள் பிறகு எந்த நுண்படத்தைக் கண்டாலும் கீறலையும் அமைப்பையும் பிரித்தறிகிறார்கள்.

அதற்கு அடுத்துச் செய்வது டார்ச்சை நகர்த்துவது. கவர் ஸ்லிப்பை எடுத்துவிட்டு, ஒளியைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, மாதிரியைச் சுற்றி மெல்ல வட்டமாகக் கொண்டுசென்றால், முதலில் இருளாக இருக்கும் புலத்தில் ஒரு மணியின் கோடுகள் ஒளிர்ந்து அணைகின்றன, பிறகு வேறொரு மணி, பிறகு இன்னொன்று. ஒளிவரும் திசைக்குக் குறுக்காக இருக்கும் கோடுகளே மிகப் பிரகாசமாகத் தெரியும். இவை பரப்பின்மேல் பூசிய நிறமோ பிளவோ அல்ல, மிகச் சிறிய படிகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை இவ்வளவு எளிய கருவியால் காட்ட முடியாது. படியின் பக்கச்சுவர் ஒளியை வில்லைக்குள் திருப்பும்போது அது மின்னுகிறது, இல்லாதபோது இருள்கிறது. இதை முதன்முறை பார்க்கும்போது மாணவர்கள் டார்ச்சைக் கீழே வைக்கவே மறுக்கிறார்கள். நானும் அவர்களை அவசரப்படுத்துவதில்லை.

ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங்கும் வால்ட்டர் ரோசன்ஹைனும் கேம்பிரிட்ஜில் செய்து 1899, 1900 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வு இதுவேதான். மெருகேற்றிய உலோகத்தை இழுத்து, பரப்பில் எழும் கோடுகளைச் சாய்வொளியிலும் நேரொளியிலும் பார்த்து, படிகத்தின் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதால் உண்டாகும் படிகளே அவை என்று அவர்கள் விளக்கினார்கள். உலோகம் நிலையாக உருமாறும்போதும் படிகமாகவே இருக்கிறது, அதன் ஒழுங்கு குலைந்து குழம்பாகிவிடுவதில்லை என்பதே அதிலிருந்து கிடைத்த பெரிய முடிவு. ஓர் அட்டைக் குழாயும் டார்ச்சும் கொண்டு அதே முடிவை மாணவர்கள் தம் கண்ணால் அடைய முடிகிறது.

நழுவல் என்ற சொல்லைக் கேட்டவுடன் சீட்டுக்கட்டைத் தள்ளுவதைப் போல ஓர் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நகர்கிறது என்று எல்லோரும் எண்ணுவார்கள். அப்படி நகர வேண்டுமானால் தேவைப்படும் விசையை 1926இல் யாகோவ் ஃபிரெங்கெல் கணக்கிட்டார். உண்மையான படிகங்கள் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விசையிலேயே நழுவிவிடுகின்றன. இந்த முரண்பாட்டுக்கு 1934இல் டெய்லர், ஓரோவன், போலான்யி ஆகிய மூவரும் தனித்தனியே விடை கண்டார்கள்: அடுக்கில் ஒரு வரிக்குறை, அதாவது அணு வரிசை ஒழுங்கு தவறிய கோடான இடப்பிறழ்வு, முன்னேறிச் செல்கிறது, அது கடந்த இடம்மட்டும் ஓர் அணு இடைவெளி நழுவியிருக்கிறது. தாமிரத்தில் அந்த நழுவல் 0.256 நானோமீட்டர். 100 நானோமீட்டர் உயரமுள்ள ஒரு படி எழ, ஒரே தளத்தை ஒட்டி ஏறத்தாழ 400 இடப்பிறழ்வுகள் பரப்பில் வந்து வெளியேற வேண்டும். இந்த வகுத்தலை மாணவர்களே போடுகிறார்கள். திரையில் தெரியும் ஒரு மெல்லிய கோட்டுக்குப் பின்னால் இவ்வளவு நிகழ்வு இருக்கிறது என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கிறது.

இடப்பிறழ்வை எங்கள் நுண்ணோக்கியால் காண இயலாது. 1956இல் ஹிர்ஷும் ஹார்னும் வேலனும் மெல்லிய அலுமினியத் தாளில் அது நகர்வதைப் பார்த்ததும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான். அதற்கு மாற்றாகப் பிராகும் நையும் 1947இல் விவரித்த சோப்புக் குமிழிப் படுகையைச் செய்தோம். மீன்தொட்டிப் பம்பின் குழாயில் மெல்லிய ஊசியைப் பொருத்தி, கிளிசரின் கலந்த சோப்புநீருக்குள் ஒரே ஆழத்தில் பிடித்தால், 1 அல்லது 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே அளவுக் குமிழிகள் வரிசையாக எழுந்து, ஒட்டிக்கொண்டு, அறுகோண ஒழுங்கில் படர்கின்றன. இரண்டு கண்ணாடிச் சட்டங்களால் மெல்ல நெருக்கும்போது, ஒரு வரிசையில் பிறக்கும் குறை படுகையின் குறுக்கே ஓடி மறுகரையில் மறைகிறது. கரையில் ஒரு குமிழி அளவுக்குப் படி எழுந்திருக்கிறது. தாமிரத்தில் கண்ட படியையும் இதையும் அடுத்தடுத்துக் காட்ட வேண்டும். ஒரு வாரம் இடைவெளி விட்டால் தொடர்பு அறுந்துவிடுகிறது.

வளைத்த பட்டையின் பாதிப் பகுதியை மீண்டும் மெருகேற்றச் செய்வது அடுத்த படி. அந்தப் பாதியில் கோடுகள் முற்றிலும் மறைகின்றன. மறுபாதியில் அப்படியே நிற்கின்றன. நழுவிய தளத்தின் இருபுறமும் படிகம் மறுபடி பொருந்திக்கொள்வதால், உள்ளே ஒளிக்குத் தெரியும் தடயம் எதுவும் இல்லை. இதற்கு நேர்மாறானது பித்தளை. காய்ச்சி ஆற்றிய பித்தளைத் தகட்டை மெருகேற்றி, பெர்ரிக் குளோரைடால் அரித்தால், மணிகளின் உள்ளே இணையான நேர்விளிம்புகள் கொண்ட பட்டைகள் தெரிகின்றன. அவற்றையும் நழுவல் கோடுகள் என்றே மாணவர்கள் முதலில் எழுதுகிறார்கள். எத்தனை முறை மெருகேற்றி அரித்தாலும் அவை திரும்பத் திரும்ப வருகின்றன. அவை இரட்டைப்படிகங்கள், அங்கே படிகத்தின் திசையமைப்பே ஆடிப்பிம்பமாக மாறியிருக்கிறது. எது பரப்பில் மட்டும் உள்ளது, எது உள்ளேயும் உள்ளது என்பதைப் பிரிக்க மெருகுத்தாளே போதுமான கருவி என்பதை இவ்விரு துண்டுகளும் சேர்ந்து கற்பிக்கின்றன.

எங்கள் பகுதியில் வெண்கலத்துக்குப் பஞ்சமில்லை. உடைந்த உருளியின் (வாயகன்ற வெண்கலப் பாத்திரம்) அடிப்பகுதியிலிருந்து அறுத்த ஒரு பட்டையையும் இதே வளைப்பானில் ஏற்றினோம். கோயில் மணி வார்க்கும் வெண்கலத்தில் பொதுவாக 20 முதல் 25 சதவீதம் வரை வெள்ளீயம் சேர்கிறது. அந்த அளவில், மெதுவாக ஆறிய வார்ப்பில் செம்பொன் நிறக் கிளைகளும், அவற்றின் இடையே வெளிறிய நீலச்சாயல் கொண்ட கடினமான கலவையும் அரித்த பரப்பில் தெரிகின்றன. தாமிரத்தில் கோடுகள் நிறையும் நிலையை எட்டுவதற்கு முன்பே இந்தப் பட்டை உடைந்தது. பிளவு வெளிறிய பகுதிகளின் வழியே தாவித் தாவிச் சென்றிருந்தது; அதன் ஓரத்துச் செம்பொன் கிளைகளில் மட்டும் சில நழுவல் கோடுகள் இருந்தன. நழுவ இடமிருக்கும் பகுதி நழுவியிருக்கிறது. நழுவ இயலாத பகுதி பிளந்திருக்கிறது. வெள்ளீயம் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் ஆறன்முளைக் கண்ணாடியில் (கேரளத்தின் உலோக முகக்கண்ணாடி) ஏறத்தாழ முழுவதும் அந்தக் கடினப் பகுதியே நிறைந்திருப்பதால்தான், அது அவ்வளவு உயர்ந்த மெருகை ஏற்கிறது, கீழே விழுந்தால் நொறுங்கியும் விடுகிறது. அதே கேரளத்தில் வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தைச் செஞ்சூட்டில் அடித்து மெலிதாக்கி, நீரில் தோய்த்துக் கிண்ணம் செய்யும் மரபும் இருந்திருக்கிறது. சூட்டில் அந்தக் கடினப் பகுதி இல்லாததால் அடிக்க முடிகிறது, தோய்ப்பதால் அது பிறக்க நேரம் கிடைப்பதில்லை.

பித்தளைப் பாத்திரம் அடிக்கும் பெரியவர் ஒருவர் எங்கள் மாணவர்களிடம், “அடிச்சுக்கிட்டே போனா இறுகிப் போயிரும், காய்ச்சித்தான் மறுபடி அடிக்கணும், இல்லேன்னா வாயோரம் வெடிச்சிரும்” என்று சொன்னார். அதையே இறுதிச் செய்முறையாக்கினோம். காய்ச்சி ஆற்றிய 3 மில்லிமீட்டர் தாமிரத்தை அடித்துப் பாதித் தடிமனாக்கி, அதன் பக்கவெட்டை மெருகேற்றி அரித்தால், மணிகள் நீண்டு தட்டையாகிக் கிடக்கின்றன. அதன் ஒரு பாதியை 500 பாகையில் அரை மணி நேரம் வைத்தெடுத்து, அவ்வாறே மெருகேற்றிப் பார்த்தால், நீண்ட மணிகளின் இடத்தில் எல்லாப் பக்கமும் ஒத்த புதிய சிறு மணிகள் இருக்கின்றன. உள்ளே நேர்விளிம்பு இரட்டைப்படிகங்களும் உண்டு. அடிக்கும்போது பெருகி ஒன்றையொன்று தடுத்துக்கொண்டிருந்த இடப்பிறழ்வுகளில் பெரும்பகுதியைப் புதிய மணிகள் வளரும்போது துடைத்துவிடுகின்றன. அதனால்தான் பட்டை மறுபடி கைக்கு இணங்குகிறது. இரண்டு பாதிகளையும் வைஸில் பிடித்துக் கையால் வளைத்துப் பார்க்கச் சொல்கிறேன். எது எந்தப் படத்துக்குரியது என்று மாணவர்கள் கையாலேயே சொல்லிவிடுகிறார்கள். வளைப்பானில் பயன்படுத்திய பட்டைகளையும் நாங்கள் எறிவதில்லை. தட்டி நேராக்கி, உலையில் வைத்து, மெருகேற்றி, அடுத்த தொகுதி மாணவர்களுக்குத் தருகிறோம். தடிமன் 1 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கும்வரை ஒவ்வொரு பட்டையும் உழைக்கிறது.